மூன்று முறை சீல் மாற்றியும் பின்சக்கரத்தில் எண்ணெய் கசிவது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். 1990களின் நடுவில் வந்த, மொத்த எடை 16.2 டன் கொண்ட ஆறு டயர் லாரி. ஏர் பிரேக், எல்லாச் சக்கரங்களிலும் டிரம் (சக்கரத்தோடு சுழலும் உருளை; அதன் உள்சுவரில் லைனிங் அழுந்தித்தான் வண்டி நிற்கும்). கிளீனர் பக்கத்து (இடது) பின்சக்கரத்தில் எண்ணெய் கசிகிறது. ஓராண்டுக்குள் மூன்று முறை ஹப்பின் (சக்கரத்தின் மையக் குடத்தின்) சீலை மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் தாங்கி மறுபடி கசிகிறது. இப்போது பிரேக் போட்டால் வண்டி டிரைவர் பக்கம் லேசாக இழுக்கிறது. எண்ணெயில் நனைந்த லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தித் திரும்பப் போடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், எஃப்.சி. (தகுதிச் சான்றுப் பரிசோதனை) முடித்துவந்த பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் மிகவும் முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

லைனிங் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கொளுத்தாதீர்கள். பெட்ரோலில் கழுவவும் வேண்டாம். பிரேக் லைனிங் என்பது நாரும் பிசினும் உலோகத் தூளும் சேர்த்து அழுத்திச் சுட்ட பொருள். அதில் நுண்துளைகள் உண்டு. எண்ணெய் அவற்றுக்குள் ஆழமாக இறங்கிவிடும். மேலே தீ வைத்தால் மேற்பரப்பிலுள்ள எண்ணெய் எரியும்; கூடவே லைனிங்கைக் கட்டிப்பிடித்திருக்கும் பிசினும் கருகும். கையால் தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். ஆனால் முதல் மலை இறக்கத்தில் டிரம் சூடேறியதும் உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய் ஊறி வெளியே வந்துவிடும்.

அந்தச் சூடு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 50 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கியரும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். டிரைவர் நியூட்ரலில் விட்டால் கிட்டத்தட்ட முழுவதும் டிரம்மில்தான் இறங்கும். தொப்பூர் கணவாயிலோ, 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் பாதையிலோ சுமையோடு இறங்கியவர்களுக்கு அந்த வாடை தெரியும். அந்தச் சூட்டில் எண்ணெய் ஊறிய லைனிங் வழுக்கும், புகையும், சில நேரம் தீயும் பிடிக்கும். ஆகவே நனைந்த லைனிங்கைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அந்தப் பக்கம் மட்டும் புதிது போடுவதும் கூடாது. ஒரே அச்சின் இரு பக்கங்களுக்கும் ஒரே தயாரிப்பில், ஒரே தரத்தில் லைனிங் போட வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் இழுப்பு நிற்காது.

இனிக் கசிவு. ஓராண்டில் மூன்று சீல் போய்விட்டது என்றால் சீலைக் கெடுப்பது எதுவென்று தேட வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் நான்காவது சீல் போட்டால் அதுவும் போகும்.

கசிவது என்ன என்று முதலில் பாருங்கள். வெள்ளைத் துணியில் துடைத்து மோந்து பாருங்கள். கெட்டியாக, பழுப்பாக, கட்டிகட்டியாக இருந்தால் ஹப்பில் அடைத்த கிரீஸ். ஒழுகும் பதத்தில் கறுப்பாக, கந்தக வாடையோடு இருந்தால் கிரவுன் ஆயில், அதாவது பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரங்களுக்கு ஊற்றும் எண்ணெய். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உள் டயரின் பக்கவாட்டில் விசிறிபோலத் தெறித்திருக்கிறது. டிரம்மின் அடியிலிருந்து சொட்டுகிறது. அது கிரீஸாக இருக்க வாய்ப்பில்லை, கிரவுன் ஆயில்தான். (ஹைட்ராலிக் பிரேக் உள்ள பழைய வண்டியாக இருந்தால் வீல் சிலிண்டரையும் சந்தேகிக்க வேண்டும். அந்தத் திரவம் தண்ணீர்போல மெல்லியது, பெயிண்டை உரித்துவிடும். உங்களுடையது ஏர் பிரேக் என்பதால் அந்தக் கவலை இல்லை.)

கிரீஸ் அடைத்து ஓடும் ஹப்பில் கிரவுன் ஆயில் எப்படி வந்தது? லேலண்டானாலும் டாடாவானாலும் இந்த வகைப் பின் அச்சில் சுமையைத் தாங்குவது அச்சின் வெளிக்கூடான ஹவுசிங் குழாய்தான். அதற்குள் ஓடும் ஆக்சில் ஷாஃப்ட்டின் வேலை சக்கரத்தைச் சுழற்றுவது மட்டுமே. ஹப் அந்தக் குழாயின் மேல் இரண்டு டேப்பர் பேரிங்குகளில் ஓடுகிறது. கிரவுன் ஆயில் குழாய்க்குள் ஷாஃப்ட்டை ஒட்டியே கடைசிவரை வந்து நிற்கும். அதை ஹப்புக்குள் விடாமல் தடுக்க ஷாஃப்ட் வெளிவரும் வாயில் ஒரு சீல் உண்டு; அது உள் சீல். ஹப்பின் பின்பக்கம், டிரம்மை ஒட்டி இருப்பது இரண்டாவது சீல்; அது வெளிச் சீல். நீங்கள் மூன்று முறை மாற்றியது இந்த இரண்டாவதை. உள் சீல் ஏற்கெனவே தோற்றுப்போய், ஆயில் ஹப்புக்குள் புகுந்து, கிரீஸைக் கரைத்துக் கூழாக்கி, கிரீஸை மட்டும் தடுக்கப் போட்ட வெளிச் சீலைத் தாண்டி லைனிங்கில் இறங்கியிருக்கிறது. உள் சீலைத் தொடாமல் வெளிச் சீலை எத்தனை முறை மாற்றினாலும் இதே கதைதான். (ஹப்பும் கிரவுன் ஆயிலிலேயே ஓடும்படி அமைத்த அச்சுகளும் உண்டு. அவற்றில் உள் சீல் இருக்காது. உங்கள் அச்சு எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

உள் சீல் ஏன் தோற்றது? இங்கேதான் எஃப்.சி. வருகிறது. அச்சு ஹவுசிங்கின் மேல், நடுப்பகுதியை ஒட்டி, விரல் நுனி அளவில் பிரீதர் என்று ஒன்று இருக்கும். வண்டி ஓடும்போது கிரவுன் ஆயிலும் உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரியும். விரிந்த காற்று அந்தத் துளை வழியாக வெளியே போக வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் அழுத்தம் முழுவதும் எளிதில் விட்டுக்கொடுக்கும் இடத்தைத் தேடும். அந்த இடம் சீலின் உதடு.

எஃப்.சி.க்குப் போகும் முன் சேசிஸ், அச்சு எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது நம் வழக்கம். அடிக்கிற பையன் சேற்றைக்கூடச் சுரண்டாமல் ஸ்பிரே பிடித்துக்கொண்டே போவான். என் பட்டறைக்குச் சங்ககிரியிலிருந்து இதேபோல ஒரு வண்டி வந்தது. வேறு இடங்களில் நான்கு சீல் மாற்றியிருந்தார்கள். நான் ஹப்பைக் கழற்றுவதற்கு முன் ஹவுசிங்கின் மேலே கையை விட்டுத் தடவினேன். பிரீதர் இருக்க வேண்டிய இடத்தில் சேறும் பெயிண்டும் இறுகிய ஒரு கட்டிதான் கையில் பட்டது. ஸ்பேனரால் அதைத் தளர்த்தியதும் சைக்கிள் டியூப் வால்வைத் திறந்ததுபோலக் காற்று சீறி வந்தது. அதன்பின் அந்த வண்டிக்கு இரண்டு சீலும் ஒரே முறைதான் மாற்றினேன். முதலில் பிரீதரைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது அந்த நாளிலிருந்துதான். அதைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, வாயால் ஊதிப் பாருங்கள். தாராளமாகக் காற்றுப் போக வேண்டும். இல்லையென்றால் புதிது போடுங்கள். மிக மலிவான பொருள் அது.

அதோடு கிரவுன் ஆயில் மட்டத்தையும் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஆற விட்டு, லெவல் பிளக்கைத் திறந்தால் ஆயில் துளையின் கீழ்விளிம்பில் நிற்க வேண்டும். கசிந்து குறைந்ததாக நினைத்துக் கிளீனர் அவ்வப்போது ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டே இருந்தால் மட்டம் ஏறியிருக்கும். கிளீனர் பக்கம் மட்டும் ஏன் கசிகிறது என்பதற்கும் இதில் ஒரு விடை இருக்கிறது. நம் சாலை இடதுபுறம் சரிவு. வண்டியைத் தார் விட்டு இறக்கி ஓரமாக இரவு முழுவதும் நிறுத்தினால் இன்னும் சரிவு. மட்டம் அதிகமான ஆயில் விடியும்வரை இடதுபக்கக் குழாயின் வாயில் போய்த் தேங்கி நிற்கும்.

இப்போது கழற்றும் வேலைக்கு வருவோம். சுமை இறக்கி, சமமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கியபின் ஹவுசிங்குக்குக் கீழே தாங்கு ஸ்டாண்டோ கனமான மரக்கட்டை அடுக்கோ வைத்து அதில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் யாரும் போகக் கூடாது. சேம்பர் என்பது காற்றழுத்தத்தால் தண்டைத் தள்ளிப் பிரேக் பிடிக்க வைக்கும் கலம். வண்டியில் ஸ்பிரிங் பிரேக் சேம்பர் இருந்தால், அதன் போல்ட்டைத் திருகி உள்ளிருக்கும் ஸ்பிரிங்கைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிய பிறகே ஷூவை (லைனிங்கைத் தாங்கும் வளைந்த தகட்டை) தொடுங்கள். ஸ்பிரிங் இருக்கும் அந்தப் பின்பாதிச் சேம்பரின் கிளாம்பை எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள். அந்த ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். சேம்பர் கெட்டிருந்தால் முழுதாக மாற்றுவதுதான் வழி.

பழைய வண்டிகள் சிலவற்றில் இடப்பக்க வீல் நட்டுகள் இடப்புரியாக இருக்கும். ஸ்பேனரில் குழாய் மாட்டி மூன்று பேர் தொங்குவதற்கு முன், நட்டு ஏறும் ஸ்டட்டின் முனையில் ‘எல்’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆக்சில் ஷாஃப்ட் நட்டுகளைக் கழற்றியதும் ஷாஃப்ட்டின் வட்டத் தலையான பிளாஞ்ச் எளிதில் வராது. பிளவுள்ள கூம்புகள் ஸ்டட்டைக் கவ்விக்கொண்டிருக்கும். பிளாஞ்சின் நடுவே சுத்தியலால் இரண்டு அடி பலமாகக் கொடுத்தால் அவை துள்ளி வெளிவரும். பிளாஞ்சின் விளிம்பில் உளி விட்டு நெம்பாதீர்கள். அந்தக் காயமே அடுத்த கசிவுக்கு வழி. ஷாஃப்ட்டை உருவும்போது ஆயில் ஒழுகும், தட்டு வையுங்கள். ஹப் நட்டுக்கு உரிய பாக்ஸ் ஸ்பேனர் இருக்கிறது; அதையே பயன்படுத்துங்கள். நம் பட்டறைகளில் உளியும் சுத்தியலும் வைத்து அந்த நட்டைத் தட்டித் திருப்பும் பழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. அப்படித் திருப்பியவருக்கு எவ்வளவு இறுக்கினோம் என்பது தெரியவே தெரியாது. சீலின் ஆயுள் அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது.

ஹப்பை டிரம்மோடு இழுக்கும்போது இரண்டு பேர் பிடியுங்கள். டிரம் மட்டுமே 50 கிலோ வரை இருக்கும். வெளியே வந்ததும் உள்ளிருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. அதன் தூள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரும். ஈரத்துணியால் துடையுங்கள் அல்லது சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்துக் கழுவுங்கள். மூக்கைத் துண்டால் கட்டிக்கொள்வது போதாது.

சீல் உட்காரும் இடத்தைத் துடைத்துவிட்டு, சீலின் உதடு உரசும் வளையத்தில் விரல் நகத்தை வைத்துக் குறுக்கே இழுங்கள். நகம் சிக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. 30 ஆண்டு ஓடிய வண்டியில் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பள்ளத்தின் மேல் எந்த உயர்ந்த சீல் போட்டாலும் நிற்காது. வளையத்தைத் தனியாக மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால், கால் மில்லிமீட்டர் தடிமனே உள்ள மெல்லிய எஃகு உறைகள் கிடைக்கின்றன. அந்தப் பள்ளத்தின் மேல் ஏற்றிவிடலாம், சீலின் அளவு மாற வேண்டியதில்லை. அந்த இடத்தில் வெல்டிங் வைத்து அரத்தால் தேய்ப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். வட்டம் கெட்டுவிடும், குழாயும் பலவீனமாகும்.

பேரிங்குகளைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். உருளையிலோ ஓடுதளத்திலோ நீலம் பாய்ந்திருந்தாலும் செதில் பெயர்ந்திருந்தாலும் மாற்றுங்கள். உருளைகள் ஓடும் வெளிவளையமான கப்போடு சேர்த்தே மாற்றுங்கள்.

புதுச் சீல் வாங்கும்போது உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று எண்களையும் பழையதோடு ஒப்பிடுங்கள். ரப்பரின் வகையையும் கேளுங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் கெட்டியாகி வெடிக்கும். வைட்டான் வகை 200 டிகிரி வரை தாங்கும், விலை கூடுதல். மலைப்பாதையில் சுமையோடு ஓடும் வண்டிக்கு நான் வைட்டான்தான் போடுவேன். ஸ்பிரிங் உள்ள உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவி, சீலின் முழு வட்டத்துக்கும் பொருந்தும் வளையம் ஒன்றை மேலே வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டினால் தகடு நெளியும். வெளி விளிம்பில் மெல்லியதாகப் பசை பூசலாம். உதட்டில் ஒரு துளிகூடப் படக் கூடாது.

ஹப்பில் கிரீஸைத் திணித்து நிரப்பாதீர்கள். பேரிங் உருளைகளின் இடையே உள்ளங்கையால் அழுத்தி ஏற்றுங்கள். ஹப்பின் உட்குழிவில் கப்பின் மட்டம் வரை ஒரு படலம் போதும். மீதி இடம் காற்றுக்கு. பழைய கிரீஸை முழுதாகக் கழுவிய பிறகே புதியது.

இனி ஆட்டம். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கினால்தான் உருளைகள் ஒழுங்காக உட்காரும். உட்கார்ந்தபின் நட்டைத் தளர்த்தி, மறுபடி லேசாக இறுக்கி, கையேடு சொல்லும் அளவு பின்வாங்கிப் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு ஹப்பை முன்னும் பின்னும் இழுத்தால் இருக்கும் ஆட்டம் பொதுவாக 0.025 முதல் 0.125 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதைக் கையால் உணர முடியாது. எவ்வளவு அனுபவசாலியும் முடியாது. லேத் பட்டறையில் காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) இருக்கும். அரை மணி நேரத்துக்கு வாங்கி வாருங்கள். ஆட்டம் அதிகமானால் ஒவ்வொரு சுற்றிலும் ஹப் ஆடி, சீலின் உதடு ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் திறக்கும். ஆட்டமே இல்லையென்றால் பேரிங் சூடாகி எரியும். பிரீதர் சுத்தமாக இருந்தும் சீல் போனால் நான் அடுத்துச் சந்தேகிப்பது இந்த ஆட்டத்தைத்தான்.

டிரம்மைப் பாருங்கள். தாங்கும் அதிகபட்ச விட்டம் பெரும்பாலும் டிரம்மிலேயே வார்ப்பில் எழுதியிருக்கும். அதைத் தாண்டியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். மயிரிழைபோல மேற்பரப்பில் ஓடும் வெப்ப வெடிப்புகளை லேத்தில் கடைந்து எடுத்துவிடலாம். விளிம்பு வரை ஓடும் வெடிப்பு இருந்தால் அந்த டிரம் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

ஷூவில் புது லைனிங் அடிக்கும் முன் தகட்டின் துருவைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். அடியில் துரு உப்பினால் லைனிங் நடுவில் வெடிக்கும். ரிவெட்டை நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களுக்கும் அடித்துக்கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் இடைவெளி நிற்கும். ரிட்டர்ன் ஸ்பிரிங்குகளைப் புதிதாகப் போடுங்கள். ஷூக்களை விரித்துத் தள்ளும் கேமின் மேல் ஓடும் உருளையின் அச்சுக்குக் கிரீஸ் வேண்டும். கேம் உரசும் உருளையின் முகத்தில் வேண்டாம். கேம் ஷாஃப்ட் புஷ்ஷில் உள்ள சிறு சீல்களையும் கவனியுங்கள். அடிக்கும் கிரீஸின் உபரி ஸ்லாக் அட்ஜஸ்டர் (சேம்பரின் தண்டையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கை) பக்கம் வெளியேறும்படி அவை அமைய வேண்டும். திருப்பிப் போட்டால் கிரீஸ் டிரம்முக்குள் வந்து, வீல் சீல் கசிகிறது என்று உங்களை ஏமாற்றும்.

கடைசியாக ஸ்லாக் அட்ஜஸ்டர். சக்கரம் தூக்கியபடி இருக்க, லைனிங் டிரம்மைத் தொடும்வரை திருகி, சக்கரம் தடையின்றிச் சுற்றும் வரை கால் முதல் அரைச் சுற்று பின்வாங்குங்கள். அதோடு விட்டுவிடாமல், சேம்பரின் தண்டில் சாக்பீஸால் கோடு போட்டு, 6 கிலோ காற்றழுத்தத்தில் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, தண்டு எவ்வளவு வெளிவருகிறது என்று அளந்து பாருங்கள். பரவலாகப் பயன்படும் 30 சதுர அங்குலச் சேம்பருக்கு 2 அங்குலம் எல்லை. தண்டு ஓடக்கூடிய முழு நீளமே இரண்டரை அங்குலம்தான். டிரம் சூடேறினால் விரியும். 420 மில்லிமீட்டர் டிரம் 300 டிகிரி ஏறினால் ஆரத்தில் சுமார் 0.7 மில்லிமீட்டர் கூடும். கேம் அமைப்பு அதை ஏறக்குறைய 12 மடங்காக்கி, தண்டின் ஓட்டத்தில் 8 மில்லிமீட்டர் சேர்த்துவிடும். சமதளத்தில் இரண்டே கால் அங்குலம் ஓடிய தண்டு மலை இறக்கத்தில் சேம்பரின் அடியைத் தொட்டு நின்றுவிடும். டேங்கில் காற்று நிறைய இருக்கும், மிதியும் கெட்டியாக இருக்கும், பிரேக் மட்டும் இருக்காது. இரு பக்க ஓட்டமும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. உங்கள் வண்டி இழுப்பதற்கு எண்ணெயோடு இந்த வேறுபாடும் சேர்ந்திருக்கலாம்.

கட்டி முடித்ததும் உடனே சுமை ஏற்ற வேண்டாம். காலியாக 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, மிதமாக இருபது முறை பிரேக் பிடித்து, நடுவில் ஆறவிடுங்கள். திரும்பி வந்ததும் இரு பின் ஹப்புகளுக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். 100 கிலோமீட்டரில் வீல் நட்டுகளையும் ஆக்சில் நட்டுகளையும் மறுபடி இறுக்கி, உள் டயரின் பக்கவாட்டை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். 1,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை துடையுங்கள். அடுத்த எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடிக்கும் முன் பிரீதருக்கு மேல் ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். அடித்து முடிந்ததும் அவிழ்க்க நீங்களே போய் நில்லுங்கள்.